டெல்டாவில் ரோடு பைக் வாங்குவோர் கியர் விஷயத்தில் செய்யும் தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு சைக்கிளில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலத்துக்குப் பின் பாலம் வரும். அந்தப் பாலங்களில் ஏறுவதுதான் நம் பக்கத்தில் மேடு. எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் முடிந்துவிடும். அதனால் ரோடு பைக் வாங்கும்போது கியரைப் பற்றி நாம் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. முன்னால் 50/34, அதாவது 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு சக்கரம். பின்னால் 11-32, அதாவது 11 பல்லிலிருந்து 32 பல் வரை பல்சக்கரங்களை அடுக்கிய கேசட். "மலைக்கும் ஆகும், ரோட்டுக்கும் ஆகும் சார்" என்று கடையில் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போனேன். மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது, மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தேன். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. பின்னால் 18 பல்லில் போட்டால் தொடை இறுகுகிறது. 21-க்குத் தள்ளினால் கால் சும்மா சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு வேண்டிய கியர் அந்த வண்டியிலேயே இல்லை. கீழ்வேளூர் வருவதற்குள் அந்த இரண்டு பல்லுக்கும் இடையில் எத்தனை தடவை மாற்றினேன் என்று கணக்கே இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நமக்கு மலை அந்தக் காற்றுதான், அதற்குத்தான் கியர் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் தெளிவாகிவிடும். 700x25 டயர், நிமிடத்துக்கு 80 மிதி, அதாவது பெடல் 80 முழுச் சுற்று. முன்னால் 50 பல் இருக்கும்போது பின்னால் 18-இல் வேகம் 28 கிலோமீட்டர், 21-இல் 24. இதுவே 8 கியர் 11-28 கேசட்டாக இருந்தால் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28 என்று வரும். 17-இல் 30, 19-இல் 26.5, 21-இல் 24. எதிர்காற்றில் நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது இந்த வேகங்களில்தான். 11-32 கேசட்டில் 15-க்கு அடுத்தது 18, அதற்கடுத்தது 21. கடைசியில் ஒரு பெரிய பல்லை வைப்பதற்காக, நாம் தினமும் புழங்கும் இடத்தில் ஒரு பல்லை எடுத்துவிடுகிறார்கள். முன்னால் 34-க்கு மாற்றி, பின்னால் 13-இல் போட்டால் அந்த 26 கிடைக்கும், உண்மைதான். ஆனால் காற்று கொஞ்சம் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், செயினும் சாய்ந்தே ஓடும்.

இதற்கு நேர்மாறான தவறு, "சமதரைதானே" என்று முன்னால் 53/39 கேட்டு வாங்குவது. 50-க்கு 11 போட்டாலே 80 மிதியில் மணிக்கு 46 கிலோமீட்டர் வரும். தனியாக ஓட்டுகிற யாருக்கு அது போதாது? பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் வேண்டுமானால் 53 கேட்கலாம். மற்றவர்களுக்கு 39-இன் கனம்தான் மிஞ்சும். வாடைக்காற்றில் நனைந்துகொண்டு, முதுகில் பையோடு வீடு திரும்பும் மாலையில் முழங்கால் அதைச் சொல்லிவிடும்.

கியரின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. முன்னால் இரண்டு, பின்னால் எட்டு என்றால் 16 கியர் என்று எழுதியிருப்பார்கள். அதில் பல ஒன்றின் மேல் ஒன்று விழுபவை. 34/13-ம் 50/19-ம் கிட்டத்தட்ட ஒரே கியர்தான்.

சரி, வருடத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை ஏற ஆசை, 70 கொண்டை ஊசி வளைவு, அதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆசைப்பட வேண்டியதுதான். அதற்காக வருடம் முழுவதும் மலை கேசட்டைச் சுமக்க வேண்டாம். தனியாக ஒரு 11-32 வாங்கி வைத்து, போகும்போது மாற்றிக்கொள்ளலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற பின் டீரெய்லர் அந்தப் பெரிய பல்லைத் தாங்குமா என்று பார்க்காமலே கேசட்டை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த டீரெய்லருக்கு அனுமதித்த மிகப்பெரிய பல் எது என்பது. இரண்டாவது, அது இழுத்துக்கொள்ளும் மொத்தச் செயின் அளவு, அதாவது கெப்பாசிட்டி. முன் பற்களின் வித்தியாசம் 16, பின் பற்களின் வித்தியாசம் 21, ஆக 37. டீரெய்லரின் கெப்பாசிட்டி அதற்குக் குறையக் கூடாது. செயினையும் பெரிய கேசட்டுக்கு அளந்துதான் வெட்ட வேண்டும். சின்ன கேசட்டுக்கு வெட்டிய செயினோடு தெரியாமல் 50/32-இல் போட்டுவிட்டால், செயின் விறைத்து டீரெய்லரையே பிய்த்துவிடும்.

ஷிமானோ கம்பெனியின் கியர் செட்டுகளில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8, சோரா 9, டியாக்ரா 10. மேலே போகப் போகப் பற்கள் நெருங்கும், அது நல்லதுதான். ஆனால் 8 கியர் செயின் மாதிரி 12 கியர் செயின் நம் ஊர்க் கடைகளில் தொங்காது, வரவழைக்கத்தான் வேண்டும். அப்புறம், தை மாசியில் அறுவடை முடிந்து ரோட்டில் வைக்கோல் கிடக்கும். ஒரு தாள் டீரெய்லருக்குள் சுற்றினால் மிதிப்பதை நிறுத்தி, இறங்கிக் கையால் எடுங்கள். அப்படியே மிதித்தால், டீரெய்லரை வண்டியோடு பிணைக்கும் ஹேங்கர் வளையும். அது வண்டிக்கு வண்டி வேறு வடிவம், அதனால் வண்டி வாங்கும்போதே உபரியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் விலை பேசுவதற்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேசட்டின் பற்களில் பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள். 15-க்கும் 21-க்கும் நடுவில் இரண்டு பல்சக்கரம் இருந்தால் விலை பேசுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், 11-28 மாற்றித் தர முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.