வெயிலுக்குப் பயந்து ஐஸில் கெடுப்பது: தடுப்பூசியைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேரும் கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தடுப்பூசியைக் கையாளுவது பற்றி வகுப்பெடுப்பது என் வேலைகளில் ஒன்று. வகுப்பில் எல்லாரும் டக்டக்கென்று பதில் சொல்வார்கள். ஊசி போடும் புதன்கிழமை காலையில் வேக்சின் கேரியரை, அதாவது மருந்தை ஐஸ் வைத்து எடுத்துப்போகும் பெட்டியை, திறந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அடித்த அதே கூத்து, ஆள் மாறி இன்றும் நடக்கிறது.

கை கழுவுவது, காலாவதித் தேதி பார்ப்பது, ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை அடுத்தவருக்கு எடுக்காமல் இருப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே எழுதுவது, தெரிந்தவர்களே செய்கிற தவறுகளை.

தடுப்பூசியை உறைய விடுவது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான்.

நம் ஊர் வெயிலுக்குத் தடுப்பூசி கெட்டுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஐஸ் பட்டாலும் கெடும் என்றால் நம்ப மாட்டார்கள். "அக்கா, ஐஸ் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லதுதானே?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். கேள்வி கேட்டது நல்லது. கேட்காதவர்கள்தான் அதிகம்.

போலியோ சொட்டு மருந்தும், தூளாக வரும் பி.சி.ஜி. (காசநோய்), எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) மருந்துகளும் உறைந்தால் கெடாது. பென்டாவலென்ட் (தொண்டை அடைப்பான் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்), டி.டி., பி.சி.வி. (நிமோனியா), ஐ.பி.வி. (போலியோ ஊசி) அப்படி இல்லை. இவை 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். டீப் ஃப்ரீசருக்குள் இருப்பதோ மைனஸ் 15 முதல் 25 வரை. அதிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் நாலு பக்கமும் செருகி, நடுவில் பென்டாவை வைத்தால் என்ன ஆகும்?

உள்ளே நடப்பது இதுதான். இந்த மருந்துகளில் பலவற்றில் அலுமினிய உப்பு இருக்கிறது. நோய்க்கு எதிரான பொருள் அதன் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்யும். நீர் உறையும்போது துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும். பிறகு இளகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திரிந்த மோரை எவ்வளவு கலக்கினாலும் சேராத மாதிரி. அதைப் போட்டால் குழந்தைக்கு வலி உண்டு, சில சமயம் ஊசி போட்ட இடத்தில் கட்டியும் வரும். எதிர்பார்த்த பாதுகாப்பு மட்டும் இருக்காது. அட்டையில் டிக் விழுந்துவிடும், பதிவேட்டில் நூறு சதவீதம் காட்டும். அந்த ஊரில் ஒரு நாள் தொண்டை அடைப்பான் வந்தால், "ஊசி போட்டுமா வந்துச்சு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். பதில் சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் மருந்து எந்தப் புதன்கிழமை உறைந்தது என்று யாருக்குமே தெரியாது.

ஒரு காலை, மருந்து கொண்டுபோகிறவர் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். அவசரத்தில் ஒரு செவிலியர் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்த கையோடு கேரியரை நிரப்பிவிட்டார். பேக்கின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நிறுத்தி, கேரியரைத் திறந்து, நான்கையும் மேசைமேல் பரப்பச் சொன்னேன். பைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஐஸ் பேக்கை வெளியே வைத்து, பனி கரைந்து மேல்பக்கம் வேர்க்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் எடுக்கலாம். எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள். சித்திரையில் சீக்கிரம் வேர்க்கும், ஊட்டிப் பக்கம் மார்கழியில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கடிகாரத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

"வி.வி.எம். நல்லாத்தானே இருக்கு" என்பது அடுத்த சமாதானம். குப்பியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வட்டம் வெப்பத்தை மட்டும்தான் காட்டும். உள்ளே இருக்கும் சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். கல்லாக உறைந்த குப்பியிலும் அது வெளுப்பாகவே இருக்கும்.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து இளகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கிச் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரை மணி நேரம்வரை பார்க்கலாம். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் அடியில் படிந்து மேலே தெளிந்தால், தூக்கிப் போட வேண்டியதுதான். உறையவைத்த குப்பியின் மேல் 'போடக் கூடாது' என்று பெரிதாக எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அதுவே யாருக்காவது போய்விடும். கட்டியாக உறைந்ததைக் கண்ணால் பார்த்தீர்களென்றால் சோதனையே வேண்டாம்.

அலுமினிய உப்பு இல்லாத மருந்தில் இந்தச் சோதனையும் உதவாது. ஃப்ளூ தடுப்பூசி அந்த வகை. உறைந்து இளகினாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் உறவுக் குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வீட்டு ஃப்ரிட்ஜ்தான் வைத்திருந்தார்கள். ஃப்ரீசர் அறைக்கு நேர் கீழே, பின்சுவரில் ஐஸோடு ஐஸாக ஒட்டியிருந்த அட்டைப் பெட்டியைப் பிய்த்து எடுத்தார் உதவியாளர். "கையில வச்சா இளகிடும்மா" என்று உள்ளங்கையில் வைத்துத் தேய்க்க வேறு செய்தார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டுமென்றால் நடுத்தட்டு, சுவரைத் தொடாமல், உள்ளே ஒரு தெர்மாமீட்டர். கதவுத் தட்டு கூடவே கூடாது.

கரண்ட் போனதும் பதறுவது

ஐ.எல்.ஆர். (தடுப்பூசி வைக்கும், உட்சுவரில் ஐஸ் பதித்த குளிர்பெட்டி) ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே தாங்கும்படி செய்யப்பட்டது. மூடியைத் திறக்காமல் விடுங்கள். பாதுகாப்புக்கென்று மருந்தை டீப் ஃப்ரீசருக்கு மாற்றுகிறவர்கள் மேலே சொன்னதை இன்னொரு முறை படிக்கவும்.

வெப்பநிலைப் பதிவேட்டை மொத்தமாக நிரப்புவது

காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி, ஞாயிற்றுக்கிழமையும் 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே சாய்வு. யாரை ஏமாற்றுகிறீர்கள்?

கரைப்பானை ஏதோ தண்ணீர் என்று நினைப்பது

எம்.ஆர். தூளை அதனோடு வந்த கரைப்பானில் மட்டும்தான் கலக்க வேண்டும். 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தூளோடு, தண்ணீர் என்று நினைத்து, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டமே மாதக்கணக்கில் நின்றது, ஜனங்களுக்கு நம்பிக்கையும் போயிற்று. 2019 கடைசியில் அங்கே தட்டம்மை பரவியபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு குழந்தைகள்.

அதனால் தடுப்பூசிப் பெட்டியில் வேறு எந்த மருந்துக்கும் இடம் கிடையாது, இன்சுலின் உட்பட. கலந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதுங்கள். 4 மணி நேரம் தாண்டிவிட்டால், உள்ளே எத்தனை டோஸ் மிச்சமிருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது.

ஃப்ளூ ஊசியில் போன வருஷத்து மிச்சம்

வேண்டாம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது: வட கோளத்துக்கு பிப்ரவரியில், தென் கோளத்துக்கு செப்டம்பரில். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். 9 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முதலாகப் போடும்போது, 4 வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் உண்டு. அந்தத் தேதியை அன்றைக்கே அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் வர மாட்டார்கள்.