தனியாகப் பதிப்பகம் நடத்துகிறவர் இலக்குகளைத் திரும்பிப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தில் வேலை பார்ப்பவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது கூப்பிட்டு, "அந்த வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டுவிடுவார்கள். எழுதிக்கொண்டோ படம் வரைந்துகொண்டோ, கூடவே வருடத்துக்கு நாலைந்து புத்தகங்களையும் பதிப்பித்துக்கொண்டு தனியாக இருப்பவரை அப்படிக் கேட்க ஆள் கிடையாது. நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அதை இரண்டே சமயங்களில் செய்கிறோம்: கையில் பணம் தீர்ந்துபோன ஒரு ராத்திரியில், இல்லாவிட்டால் வருடக் கடைசியில். ராத்திரியில் பார்த்தால் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றும். வருடக் கடைசியில் பார்த்தால் விட்டதையெல்லாம் அடுத்த வருடம் பிடித்துவிடலாம் என்று தோன்றும். இத்தனைக்கும் எதிரே இருக்கும் கணக்கு ஒன்றேதான்.

ஆகவே முதல் தவறு, இதற்கென்று நாள் குறிக்காமல் இருப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு காலை, இரண்டு மணி நேரம் போதும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த நேரத்தை எப்படி மாற்ற மாட்டோமோ, அப்படி இதையும் மாற்றக் கூடாது. மனநிலை சரியில்லாத நாளில் வேண்டுமானால் கணக்கை எழுதி வைக்கலாம். முடிவு எதையும் எடுக்க வேண்டாம்.

ஞாபகத்தை நம்பி மதிப்பிடுவது

1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் போனார். அதற்கு முன்பு, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று சிலரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள் பருக் பிஷ்ஷாஃப், ரூத் பைத் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று எழுதிக்கொடுத்தது என்ன என்று ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னார்கள். உண்மையிலேயே நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வு 1975இல் வெளியானது.

விற்காமல் கிடக்கும் புத்தகத்தைப் பார்த்து "இது போகாது என்று எனக்கு அப்போதே தெரியும்" என்று நாம் சொல்வதும் இதே வகைதான். தெரியாது. தெரிந்திருந்தால் அச்சுக்குக் கொடுத்திருக்கவே மாட்டோம். ஞாபகம் இப்படி மாறிப்போவதால் எந்தக் கணிப்பு தவறியது என்பது மறைந்துவிடுகிறது. மறைந்த தவறு அடுத்த புத்தகத்திலும் வந்து நிற்கும்.

இதற்கு ஒரு நோட்டு போதும். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளும் அன்றே மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன செய்யப்போகிறேன், அது நடக்கும் என்று ஏன் நினைக்கிறேன், எப்போது திரும்பிப் பார்க்கப்போகிறேன். இரண்டாவது வரிதான் முக்கியம். நான் பதிப்பித்த ஒரு கவிதைத் தொகுப்பு சரியாகப் போகவில்லை. ஒரு வருடமாக அட்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டியபோது, "இவர் கூட்டங்களில் நன்றாக வாசிப்பவர், அங்கேயே 200 பிரதி போகும்" என்று எழுதியிருந்தது. அந்த வருடம் அவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. அட்டை பாவம் எதுவும் செய்யவில்லை. அடுத்த வருடம் மூன்று கூட்டங்கள் ஏற்பாடு செய்தோம், புத்தகம் நகர ஆரம்பித்தது. நோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் புது அட்டை போட்டு இன்னும் கொஞ்சம் பணத்தை விட்டிருப்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப், தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே ஏராளமாக எழுதியவர். வாரவாரமாகக் கட்டம் போட்ட ஒரு நாட்குறிப்பில் அன்றன்று எத்தனை பக்கம் என்று குறித்துவைப்பது அவர் வழக்கம். பக்கத்துக்கு 250 சொல், வாரத்துக்குச் சுமார் 40 பக்கம் என்று கணக்கு. சும்மா இருந்த நாளும் அந்தக் கட்டத்தில் தெரியும். அவர் வேகம் எல்லோருக்கும் வராது, வரவும் வேண்டாம். அன்றன்றைக்கு எழுதிவைத்ததை யாரும் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்றைய விற்பனையை இன்றைய உழைப்போடு முடிச்சுப் போடுவது

பதிப்புத் தொழிலில் மிக அதிகமாகச் சேதம் செய்யும் தவறு இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த மூன்று மாதத்தில் வந்த பணம் எந்த உழைப்பின் பலன்? கைப்பிரதியைப் போன வருடம் ஏற்றுக்கொண்டோம். திருத்தம், மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி), பக்க வடிவமைப்பு, அட்டை என்று மாதங்கள் போயின. அச்சாகி, விநியோகஸ்தருக்குப் போய், கடைக்குப் போய், வாசகர் வாங்கி, அந்தப் பணம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மின்னூலிலும் தாமதம் உண்டு: அமேசானின் கேடிபி என்ற நூல் வெளியீட்டுத் தளத்தில் ஒரு மாத ராயல்டி, அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். ஆகவே இன்று வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும் தொகை, பல மாதங்களுக்கு முன்பு எடுத்த முடிவுகளைப் பற்றிய செய்தி. கடந்த மூன்று மாதம் சோம்பலாக இருந்திருந்தாலும் பணம் வந்திருக்கலாம். உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் வராமல் இருந்திருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "முறை வேலை செய்கிறது" என்றோ "முறையை மாற்ற வேண்டும்" என்றோ முடிவெடுத்தால் நன்றாகப் போகும் வழியை விட்டுவிட்டுத் தவறான வழியில் தொடர நேரும்.

கடைகளுக்கு அனுப்பிய பிரதிகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். விற்காதவற்றைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில் போகும் புத்தகம், அனுப்பியதும் விற்பனை ஆகிவிடாது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதிப்பகம் தொடங்கிய புதிதில் ஒரு விநியோகஸ்தர் 300 பிரதி கேட்டார். அனுப்பிவிட்டு நோட்டில் "விற்பனை 300" என்று எழுதினேன். மூன்று மாதக் கணக்கு பார்த்தபோது இலக்கைத் தாண்டிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இரண்டாம் பதிப்புக்குச் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து 180 பிரதிகள் மூலை மடங்கித் திரும்பி வந்தன, இரண்டாம் பதிப்புக் கட்டுகள் பிரிக்காமல் கிடக்கும்போதே. அவர் மேல் தப்பில்லை, ஏற்பாடு அதுதான். தப்பு என் நோட்டில் இருந்தது.

இப்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு எண்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறேன்: அனுப்பியது, விற்றதாகத் தகவல் வந்தது, பணம் வந்தது, திரும்பி வந்தது. மறுபதிப்பு பற்றி யோசிக்கும்போது மூன்றாவதை மட்டும்தான் பார்ப்பேன். அச்சுப் புத்தகத்தையும் மின்னூலையும் ஒன்றாகக் கூட்டுவதும் கிடையாது. இரண்டின் வேகமும் வேறு, வாங்குகிறவர்களும் பெரும்பாலும் வேறு.

அப்படியானால் கடந்த மூன்று மாதத்தை எதை வைத்து அளப்பது? அந்த மூன்று மாதத்தில் நம் கையால் முடிந்தவற்றை வைத்து. எத்தனை கைப்பிரதி வாசித்துப் பதில் அனுப்பினோம், எது அச்சுக்குத் தயாரானது, எத்தனை விமர்சகர்களுக்குப் பிரதி போனது, நம்முடைய சொந்த எழுத்து எவ்வளவு நகர்ந்தது. விற்பனையை ஒரு வருடத்துக்குக் குறையாத நீளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் எதிர்ப்பக்கமும் ஒரு குழி உண்டு. "நான் உழைத்துவிட்டேன், மற்றது என் கையில் இல்லை" என்று வருடக்கணக்கில் விற்பனைப் பக்கத்தையே திறக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு வகை ஒளிந்துகொள்ளல்தான்.

எண்ண எளிதாக இருப்பதை எண்ணுவது

ஃபாலோயர் எண்ணிக்கை தானாகவே திரையில் வந்து நிற்கிறது. ஒரு வாசகர் நம்முடைய இரண்டாவது புத்தகத்தையும் தேடி வாங்கினாரா என்பது தானாக வராது, தேடிப் பார்க்க வேண்டும். அதனால் முதல் எண் இலக்காகிவிடுகிறது. ஓர் அளவை இலக்காக்கி அழுத்தினால் அது நம்பகமான அளவாக இருக்காது என்ற கருத்தைப் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை தொடர்பாக முன்வைத்தார். நம் மேசையிலும் அது அப்படியே பொருந்துகிறது. தினம் ஆயிரம் சொல் என்று இலக்கு வைத்த எழுத்தாளர், வெட்ட வேண்டிய அத்தியாயத்தை வெட்ட மாட்டார். மூவாயிரம் சொல்லை நீக்கிய நாள் சில சமயம் அந்த மாதத்தின் மிக நல்ல நாளாக இருக்கும். எண்ணிக்கை அதைத் தோல்வி என்று காட்டும். வருடத்துக்கு ஆறு புத்தகம் என்று வைத்துக்கொண்ட பதிப்பாளர் ஆறாவதை மெய்ப்பு முழுசாகப் பார்க்காமல் வெளியே விடுவார். எண்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதைக் கட்டுப்படுத்தும் இன்னொரு எண் இருக்கட்டும். புத்தகங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், வெளியான பிறகு கண்ணில் பட்ட பிழைகளின் எண்ணிக்கை.

சொந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது

தனியாகப் பதிப்பகம் நடத்துபவர் பலருக்கு வேறு வருமானம் ஒன்று இருக்கும்: பிறருக்குத் திருத்தம் பார்ப்பது, அட்டை வடிவமைப்பது, மொழிபெயர்ப்பது. அந்தப் பணம்தான் பதிப்பகத்தைத் தாங்குகிறது. தாங்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே வரவில் போட்டுப் பார்த்தால் பதிப்பகம் நன்றாக நடப்பதாகத் தெரிகிறதே, அங்கேதான் சிக்கல். குறைந்தபட்சம் இரண்டு பக்கமாவது பிரித்து எழுதுங்கள்.

அப்புறம், நம்முடைய சொந்த நேரம். அச்சகச் செலவு, காகிதம், எழுத்தாளருக்கு ராயல்டி, கடைக்குத் தள்ளுபடி எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியை லாபம் என்கிறோம். அந்தப் புத்தகத்துக்காக நாம் உட்கார்ந்த 120 மணி நேரம் எங்கே? அதே 120 மணி நேரத்தில் பிறருக்குத் திருத்தம் பார்த்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? இதைப் பார்த்துவிட்டுப் பதிப்பதையே நிறுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை, நானும் நிறுத்தவில்லை. மனசுக்குப் பிடித்த புத்தகம் ஒன்றுக்கு நம் நேரத்தை அன்பளிப்பாகக் கொடுக்கலாம். கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள்தான் மூன்று, நான்கு வருடத்தில் களைத்துப்போய்க் கடையைக் கட்டுகிறார்கள்.

தேதி தவறியதற்குத் தன்னைத் திட்டிக்கொண்டு அதோடு விட்டுவிடுவது

ரோஜர் பியூலரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். சொன்ன காலத்துக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, தாமதம் நம் ஒருவருடைய குணக்கேடு இல்லை, மனிதர்கள் பொதுவாகக் குறைத்தே கணிக்கிறார்கள். "அடுத்த முறை இன்னும் ஒழுங்காக இருப்பேன்" என்ற உறுதிமொழியால் இது சரியாகாது. பழைய புத்தகங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்ற பட்டியலால்தான் சரியாகும்.

பட்டியல் போடும்போது வேலை செய்த நாளையும் காத்திருந்த நாளையும் பிரித்து எழுதுங்கள். என்னுடைய பட்டியலில் அட்டை வடிவமைப்பு வேலை ஐந்து நாள், எழுத்தாளரின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது இருபத்தாறு நாள் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்வரை நான் மெதுவாக வேலை செய்கிறவன் என்றே நினைத்திருந்தேன். இப்போது மெய்ப்பு அனுப்பும்போதே பதில் வர வேண்டிய தேதியையும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

மற்றவர்களோடு ஒப்பிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அறிவிப்பது வெளியான புத்தகங்களை. கிடங்கில் கிடப்பவற்றை யாரும் அறிவிப்பதில்லை.

எதையும் கைவிடாமல் பட்டியலை நீட்டுவது

முடிந்தது, நடக்கிறது, முடியவில்லை என்று மூன்று பத்தி போடுகிறோம். "முடியவில்லை" பத்தியில் இருப்பது அப்படியே அடுத்த காலாண்டுக்குப் போகிறது. நாலைந்து முறை இப்படி நகர்ந்த இலக்கு வெறும் குற்ற உணர்ச்சியாக மாறிவிடும். நான்காவதாக ஒரு பத்தி வேண்டும்: "வேண்டாம் என்று விட்டது". பாதி முடிந்த மொழிபெயர்ப்பு ஒன்று என்னிடம் இரண்டு வருடம் கிடந்தது. இவ்வளவு செய்துவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பட்டியலில் வைத்திருந்தேன். இன்றைக்கு இது புதிதாக என்னிடம் வந்தால் எடுத்துக்கொள்வேனா என்று கேட்டபோது, இல்லை என்ற பதில் உடனே வந்தது. உரிமையை மூல ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொரு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வருடமே வெளியிட்டது, அவருக்கும் நல்லதாயிற்று.

சரி, இரண்டு மணி நேரம் முடிகிறது. நோட்டை மூடுவதற்கு முன் நாட்காட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அன்றைய கணக்கிலிருந்து வந்த மாற்றங்களை அதிலேயே எழுதுங்கள். எந்தப் புத்தகத்தின் தேதி தள்ளிப்போகிறது, யாருக்கு இன்று மின்னஞ்சல் போக வேண்டும், எந்த விநியோகஸ்தரிடம் பாக்கி கேட்க வேண்டும், சொந்த எழுத்துக்கு வாரத்தில் எந்த இரண்டு காலைகள். நாட்காட்டியில் எதுவுமே மாறவில்லை என்றால் ஒருமுறை திரும்பப் பாருங்கள், ஏதோ ஓர் எண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. அப்புறம் அடுத்த மூன்றாவது மாதத்தில் ஒரு காலையைக் குறித்துவிட்டு, பாக்கி கேட்கும் மின்னஞ்சலை முதலில் எழுதிவிடுங்கள்.