மேட்ச் நடுவில் நெட் போகிறதா? லேன் இணைப்பில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

மேட்ச் நடுவில் 'ரீகனெக்டிங்' என்று வந்து திரை நின்றால், முதல் காரியமாக ரவுட்டரை அணைத்துப் போடுவோம். அடுத்து நெட்காரருக்குப் போன் போட்டுக் கத்துவோம். ரவுட்டரை அணைத்துப் போட்டால் நெட் வந்துவிடும், உண்மைதான். ஆனால் எது கெட்டுப்போய் நெட் போனது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கதை.

எங்கள் வீடு வடசென்னை தண்டையார்பேட்டையில். கம்ப்யூட்டர் மொட்டை மாடி அறையில் இருக்கிறது, ரவுட்டர் கீழே ஹாலில் டிவி பக்கத்தில். நடுவில் மாடிப்படி ஓரமாக ஏறி வரும் 20 மீட்டர் லேன் கேபிள். மூன்று மாதம் தினமும் சாயங்காலத்தில் நெட் போய்ப் போய் வந்தது. எல்லாரும் நெட் பார்க்கும் நேரம், லைனில் நெரிசல் என்று நானே முடிவு கட்டி, நெட்காரரை இரண்டு முறை வரவழைத்துச் சண்டையும் போட்டாயிற்று. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் வேலையைப் பார்ப்போம்.

தொடங்கும் முன்

கம்ப்யூட்டரில் வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள். கேபிள் அறும்போது விண்டோஸ் சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவிவிட்டால் சோதனை குழம்பிவிடும். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நெட் போகும் ஒவ்வொரு முறையும் மணி, நிமிடம், அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டார்கள், கரண்ட் போய் வந்தது, மழை தூறியது, எதுவானாலும் சரி. சிரிக்காதீர்கள், என் பிரச்சினையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த நோட்டுதான்.

படி 1: மூன்று ஜன்னல் திறந்து வைத்துக் காத்திருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கேம் சர்வர் வரை போகும் பாதையை மூன்று துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனியின் முதல் நிலையம் வரை ஒன்று. அதற்கு அப்பால் உள்ள உலகம் ஒன்று. எந்தத் துண்டு அறுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் சி-எம்-டி என்று அடித்து எண்டர் தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று வரும். அதில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று சேர்த்து அடியுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பது ரவுட்டரின் எண். பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.

அடுத்து டீ-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டீ என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 போடுங்கள். இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயருக்கு எண் தேடிக் கொடுக்கும் சர்வர். வரிசையாகப் பல வரிகள் வரும், ஒவ்வொன்றும் வழியில் ஒரு நிறுத்தம், 'ஹாப்' என்பார்கள். முதல் வரி உங்கள் ரவுட்டர், இரண்டாவது பெரும்பாலும் நெட் கம்பெனியின் நிலையம். அந்த வரியில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக்குறி மட்டும் வந்தால், அதற்கு அடுத்து எண் தெரியும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று கறுப்பு ஜன்னல் திறந்து, ஒவ்வொன்றிலும் பி-ஐ-என்-ஜி, இடைவெளி, எண், இடைவெளி, ஒரு ஹைஃபன், அதை ஒட்டி டீ என்ற எழுத்து. டீக்கடை டீ, டாக்டர் டி அல்ல. முதல் ஜன்னலில் ரவுட்டர் எண், இரண்டாவதில் கம்பெனி நிலையம், மூன்றாவதில் 8.8.8.8. நீங்கள் நிறுத்தும் வரை நொடிக்கு ஒரு வரி வந்துகொண்டே இருக்கும். ஓடவிட்டு கேம் ஆடுங்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் டேட்டா மிகச் சொற்பம், ஆட்டத்தை அது பாதிக்காது.

நெட் போனதும் ரவுட்டர் மேல் கை வைக்காமல் மூன்று ஜன்னலையும் பாருங்கள்.

மூன்றும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு வீட்டுக்குள். கேபிளோ, போர்ட்டோ, நெட்வொர்க் கார்டோ, ரவுட்டரோ. அதிலும் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால், கேபிளைப் பிடுங்கியதுபோல இணைப்பே விட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். முதல் ஜன்னல் ஓடுகிறது, மற்ற இரண்டும் நின்றுவிட்டன என்றால் ஃபைபர் அல்லது நெட் கம்பெனி. மூன்றாவது மட்டும் நின்றால் கம்பெனிக்கு அப்பால் எங்கோ தகராறு, நாம் செய்ய ஒன்றுமில்லை. மூன்றுமே அசராமல் ஓடுகின்றன, ஆனால் கேம் மட்டும் விழுகிறது என்றால் கேம் சர்வரோ, நீங்கள் போட்டிருக்கும் விபிஎன்னோ காரணமாக இருக்கலாம்.

முதல் ஜன்னலைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் பதில் சொல்ல 1 மில்லிசெகண்டுக்கும் குறைவாகத்தான் ஆக வேண்டும். மும்பை சர்வரில் 30, 40 வருவது தூரத்தின் கணக்கு. கீழ்வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கே 40 என்றால் அது சகஜம் இல்லை.

படி 2: மூன்றும் சேர்ந்து நின்றால், முதலில் கேபிள்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது டிஎன்எஸ்ஸை மாற்று, வின்சாக்கை (விண்டோஸின் நெட்வொர்க் மென்பொருள் பகுதி) ரீசெட் பண்ணு என்ற வைத்தியங்கள். தோல் உரிந்த கேபிளுக்கு இதெல்லாம் தேள்கடிக்குத் திருநீறு போடுவதுபோல.

செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ஈத்தர்நெட்டைத் திறந்து 'லிங்க் ஸ்பீட்' பாருங்கள். உங்கள் கார்டும் ரவுட்டரும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருந்தும் அங்கே 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் கேபிள் மேல் சந்தேகப்படலாம். லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர், நாலு ஜோடி. ஜிகாபிட் ஓட நாலு ஜோடியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும், கனெக்டரில் 1, 2, 3, 6 என்ற ஊசிகள். மற்ற ஜோடிகளில் ஒரு ஒயர் விட்டால் பெரும்பாலும் வேகம் இறங்கி நெட் தொடர்ந்து ஓடும், நமக்குத் தெரியாது. இந்த இரண்டு ஜோடியில் ஒன்று விட்டால் மொத்தமும் போய்விடும்.

இப்போது என் கதை. நோட்டில் ஒரு வாரம் குறித்தேன். எல்லாம் மதியம் மூன்று மணிக்கு மேல், காற்று இருக்கும் நாளில் அதிகம். மூன்று ஜன்னலும் ஒன்றாக நிற்கும், பத்து நொடியில் ஒன்றாக வரும். என்ன பொருத்தம் என்று புரியாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தார். "கதவு அடிச்சிக்குது, உடனே நீ கத்துற. தெனம் இதே வேலயாப் போச்சு" என்றார்.

கேபிள் மொட்டை மாடிக் கதவின் நிலை வழியாக உள்ளே வருகிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் கதவு படார் என்று அடித்துக்கொள்ளும். கீழே குனிந்து பார்த்தேன். கதவின் கீல் ஓரத்தில் கேபிள் அப்பளம்போல நசுங்கியிருந்தது. நகத்தால் தோலை விலக்கினால் ஆரஞ்சு ஒயர் முறிந்து, இரண்டு முனையும் தொட்டும் தொடாமலும் நின்றன. கதவு அடிக்கும்போது விலகும், அதிர்வு அடங்கியதும் தொடும். ஆரஞ்சு ஜோடி 1, 2 ஊசிகளுக்குப் போவது. அதனால்தான் மொத்தமாகப் போய் மொத்தமாக வந்தது.

அதனால் கேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். கதவு நிலை, ஜன்னல் சட்டம், கட்டில் கால், ஆணியில் இறுக்கிய இடம், எலி நடமாடும் பரண். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முனையிலும் கனெக்டரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைத்தால் போகிறது என்றால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை மட்டுமா தின்கிறது? கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். தங்க நிற ஊசிகளில் பச்சையாகப் பாசிபோலப் பூத்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது அடிப்பதுதான் சரி. போர்ட்டுக்குள் பூத்திருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம்.

புது கேபிள் வாங்க ரிச்சி தெரு போனால் முழுச் செம்பு கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும், விலை குறைவு, வளைத்தால் சீக்கிரம் முறியும். வீட்டுக்கு கேட்5இ என்ற தரத்துக் கேபிள் தாராளம், ஜிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரை தாங்கும். நீங்களே கிரிம்ப் பண்ணினால், அதாவது ஒயரில் கனெக்டரை அடித்தால், கனெக்டரின் பூட்டு கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

கேபிள்தானா என்று இன்னும் சந்தேகமா? கம்ப்யூட்டரைக் கீழே தூக்கிக்கொண்டு போய், சின்ன கேபிளில் நேராக ரவுட்டரில் சொருகி ஒரு சாயங்காலம் ஆடுங்கள். முதுகு வலிக்கும், ஆனால் இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. நெட் நின்றால் ரவுட்டரின் வேறு போர்ட்டிலும் ஒருமுறை மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

படி 3: கேபிள் நன்றாக இருந்தும் போனால்

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் ஈத்தர்நெட் கார்டு, ப்ராப்பர்ட்டீஸ். பவர் மேனேஜ்மெண்ட் பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்க அனுமதி என்ற முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியண்ட் ஈத்தர்நெட்', 'கிரீன் ஈத்தர்நெட்' இருந்தால் டிஸேபிள். டிரைவரை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

2.5 ஜிகாபிட் போர்ட் உள்ள போர்டாக இருந்தால் இன்னொன்று. இன்டெல் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் 2.5 வேகத்தில் சில ரவுட்டர், சுவிட்சுகளோடு ஒத்துப்போகாத குறை இருந்தது. அட்வான்ஸ்டு பக்கத்திலேயே 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்பதை 1 ஜிகாபிட்டுக்கு இறக்கிப் பாருங்கள். கேமுக்கு அதுவே மிக அதிகம்.

கரண்ட் பக்கமும் பாருங்கள். ரவுட்டரின் எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் 'அப்டைம்' என்று ஒன்று இருக்கும். நெட் போய் வந்த உடனே அது இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று காட்டினால், ரவுட்டரே அணைந்து எழுந்திருக்கிறது. அடாப்டர் பின் தளர்ந்திருக்கலாம், அல்லது கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் கண நேர இடைவெளியை ரவுட்டர் தாங்கவில்லை. அடாப்டர் மாற்றுவதாக இருந்தால் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் பார்த்து அதே வகை வாங்குங்கள். இன்வெர்ட்டர்தான் காரணம் என்றால் ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் போதும்.

படி 4: முதல் ஜன்னல் ஓடி, மற்ற இரண்டும் நின்றால்

இது நெட்காரர் வேலை. ஆனாலும் நாம் பார்க்க வேண்டியது கொஞ்சம் உண்டு. நெட் போகும் நேரத்தில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிகிறதா, ஃபைபர் ஒயரை யாராவது ஆணியில் இறுக்கிச் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபர் செம்பு போல இல்லை, கூர்மையாக மடித்தால் உள்ளே ஒளி கசிந்துவிடும். பெட்டியின் எண்ணை பிரவுசரில் அடித்தால் வரும் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும், மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால் சின்னக் காரணத்துக்கும் விழலாம். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

மாடிக்கு மாடி தாவிப் போகும் ஒயர்களையும் ஒரு நோட்டம் விடுங்கள். நம் தெருக்களில் காத்தாடி சிக்காத ஒயர் எது? சிக்கிய காத்தாடியைப் பையன்கள் நூலைப் பிடித்து இழுக்கும்போது ஃபைபரும் சேர்ந்து இழுபடும். மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் இன்னும் பறக்கிறது.

போன் செய்யும்போது "நெட் சரியில்ல" என்றால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, நேத்து 7.10, 7.42, 8.15-க்கு நெட் போச்சு. ரவுட்டர் பிங் ஓடுது, உங்க முதல் ஹாப் விழுது. எல்ஓஎஸ் சிவப்பு எரியுது, பவர் மைனஸ் 28 காட்டுது." எனக்குத் தெரிந்து இப்படிச் சொன்னவர்கள் வீட்டுக்கு ஆள் வரத் தாமதம் ஆனதில்லை. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தீராவிட்டால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

படி 5: சரியானதா என்று பாருங்கள்

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் சாயங்காலம் மூன்று மணி நேரம் ரவுட்டர் ஜன்னலை ஓடவிட்டு, கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி நிறுத்தினால் எத்தனை போனது, எத்தனை தொலைந்தது என்று கணக்கு வரும். நொடிக்கு ஒன்று என்றால் மூன்று மணி நேரத்தில் சுமார் 10,800. நான் கேபிளைக் கதவு நிலையிலிருந்து எடுத்து, வென்டிலேட்டர் ஓட்டை வழியாக விட்ட அன்று 'லாஸ்ட்' பக்கத்தில் பூஜ்யம் இருந்தது. கதவு வழக்கம்போல நாலைந்து முறை அடித்துக்கொண்டது. உங்களுக்கு அந்த இடத்தில் இரண்டு, மூன்று என்று வந்தால் படி 2-க்குத் திரும்பி, இன்னும் தடவிப் பார்க்காத மீட்டரிலிருந்து தொடங்குங்கள்.