கொரோலா கேஈ70: பழைய காரை எந்த வரிசையில் மேம்படுத்துவது?

ரொயோட்டா நிறுவனம் 1979 மார்ச்சில் ஜப்பானில் அறிமுகப்படுத்திய நான்காம் தலைமுறைக் கொரோலாவின் செடான் வடிவமே நம்மிடையே கேஈ70 என்று வழங்குகிறது. எஞ்சின் முன்னால் இருக்க, பின்சக்கரங்கள் காரைத் தள்ளிச் செல்லும் பழைய அமைப்பில் வந்த கடைசிக் கொரோலா செடான் இதுதான். 1983இல் வந்த அடுத்த தலைமுறைச் செடான் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டது. இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், விற்றுவிடலாம் என்று கொட்டகையில் விட்டிருந்த கேஈ70களைப் பலர் மறுபடியும் வெளியே எடுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு: முதல் செலவை எஞ்சினில் செய்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய காரில் வலுக் குறைந்த இடம் எதுவோ, அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். இந்தக் காரில் அந்த இடம் எஞ்சின் அல்ல.

வாங்கிய பாகத்தைப் பூட்டுமுன் அளக்க வேண்டியவை

கேஈ70இல் வந்த 4கே எஞ்சின் 1290 சீசீ கொள்ளளவு உடையது. இரும்பு பிளொக்கும் அலுமினியத் தலையும் கொண்டது. டைமிங் பெல்ற் இல்லை, சங்கிலிதான். முறையாக ஒயில் மாற்றப்பட்டிருந்தால் எளிதில் சாகாத எஞ்சின் இது. ஆனாலும் ஊகத்தை நம்பாமல், எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுமையாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். 150 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவில் இருந்தால் எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. மொத்த அளவு சற்றுக் குறைந்திருப்பதைவிட, ஒரு சிலிண்டர் மற்றவற்றிலிருந்து 15 பீஎஸ்ஐக்கு மேல் விலகி நிற்பதே கவலைக்குரியது. அப்படி விலகிய சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் ஏறுமாயின் றிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்விலோ கஸ்கற்றிலோ கசிவு இருக்கிறது என்று பிரித்தறியலாம். வடக்கில் நெடுங்காலம் ஓடிய கார்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வாகனங்கள் பல, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடின. முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவி, கீழே உள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும்.

அடுத்தது துரு. முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், பற்றரித் தட்டு, கதவுகளின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவுகள், உபரிச் சில்லு கிடக்கும் குழி ஆகியவற்றைக் கம்பளத்தை எடுத்துவிட்டு, விரலால் அழுத்தியும் சிறு சுத்தியலால் தட்டியும் பார்க்க வேண்டும். கரையோர உப்புக் காற்றில் நின்ற காராயின், சஸ்பென்ஷன் கைகள் உடலோடு பூட்டப்படும் இடங்களையும் பார்க்க வேண்டும். அவ்விடங்களில் தகடு உக்கியிருந்தால், வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டும்வரை வேறு எந்தப் பாகத்துக்கும் காசு செலவிடக் கூடாது. புட்டியும் பெயின்ற்றும் துருவை மறைக்குமே தவிர நிறுத்த மாட்டா.

தண்ணீரும் மின்சாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. எந்த ஊர்த் தண்ணீராயினும், இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்திருக்கும் எஞ்சினுக்கு வெறும் நீர் பகை. அலுமினியத் தலையின் நீர்வழிகளை அது மெல்ல அரிக்கும். எனவே பழைய நீரை முழுவதும் இறக்கி, றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்வித்து, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ற் கலந்து நிரப்ப வேண்டும். எஞ்சின் சூடானதும் நீருக்கு வழிவிடும் தேர்மோஸ்ரற் 82 பாகை செல்சியஸில் திறப்பதாகவும், றேடியேற்றர் மூடி சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அந்த மூடி தன் அழுத்தத்தைக் காத்தால் உள்ளே இருக்கும் நீர் ஏறத்தாழ 118 பாகைவரை கொதிக்காது; மூடியின் றப்பர் வெடித்திருந்தால் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறிவிடும். எஞ்சின் சூடாகிறது என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது நம் கராஜ்களில் பழகிப்போன வைத்தியம். அது நோயை மறைக்கிறது. குளிர்ந்த நிலையில் நெடுநேரம் ஓடும் எஞ்சின் கூடுதல் பெற்றோல் குடித்து விரைவில் தேயவும் செய்கிறது.

மின்சாரத்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது முன்விளக்குகளுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பூட்டுவதுதான். 60 வாட் விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 10 அம்பியர் இழுக்கின்றன. பழைய அமைப்பில் அந்த மின்னோட்டம் நாற்பது ஆண்டு பழைய சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள் வழியாகச் செல்ல நேர்கிறது. விளக்கை எட்டும் வோல்ற் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒளி ஏறத்தாழ 70 வீதமாகச் சுருங்கிவிடும். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் ஒன்றை, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்து, 30 அம்பியர் ரிலே வழியாக விளக்குக்குக் கொடுத்து, பழைய வயரை ரிலேயை இயக்குவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் வயரையும் இதே நாளில் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. காரணம் தெரியாத மின்கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றர், பொயின்ற் (திறந்து மூடும் தொடுமுனை) உள்ளதாயின் அதன் இடைவெளியை 0.45 மி.மீ. ஆக வைக்க வேண்டும். பின்னாளைய கே வரிசை எஞ்சின்களில் வந்த மின்னணு டிஸ்ரிபியூற்றர் கிடைத்தால், தயங்காமல் மாறலாம். பழைய டிஸ்ரிபியூற்றர் இருந்த இடத்தில் அது அப்படியே அமரும். ஆனால் டிஸ்ரிபியூற்றரை மட்டும் வாங்கி வராமல், அதற்குரிய இக்னைற்றரையும் கொயிலையும் சேர்த்தே வாங்க வேண்டும், ஏனெனில் பழைய கொயிலும் அதன் தடைக்கம்பியும் வேறு கணக்கில் அமைந்தவை. மாற்றிய பின் டைமிங்கை (பிளக் பொறி விடும் தருணத்தை) அதற்குரிய டைமிங் விளக்கு வைத்துப் பார்த்தே பூட்ட வேண்டும். காதால் கேட்டு வைப்பதில் கெட்டிக்காரரான பாஸ்மார் (கராஜ் மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். அவர்களும் விளக்கு வைத்துப் பார்த்தால் இரண்டு பாகையாவது திருத்துவார்கள்.

வால்வு இடைவெளி, சூடான எஞ்சினில், உள்வாங்கும் வால்வுக்கு 0.20 மி.மீ., வெளியேற்றும் வால்வுக்கு 0.30 மி.மீ. நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் கணத்தில் முதலாம் சிலிண்டரைச் சரிசெய்யலாம். முதலாவது அந்த நிலைக்கு வரும்போது நான்காவதை. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே ஒன்றுக்கொன்று இணை. டப்பற் (வால்வை இயக்கும் பாகம்) சத்தமே கேட்கக் கூடாது என்று இறுக்கிவைப்பவர்கள் வெளியேற்றும் வால்வை எரிக்கிறார்கள். இலேசான டக்டக் ஓசை இந்த எஞ்சினுக்கு ஆரோக்கியமே.

நிறுத்தும் வலுவும் நிலத்தைப் பற்றும் வலுவும்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அசல் பிறேக் அமைப்பு, அசல் எஞ்சினுக்குப் போதுமானது. மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், றப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் புதுப்பித்து, டொற் 4 தரப் பிறேக் திரவம் நிரப்பினால் அதுவே முதல் மேம்பாடு. இத்திரவம் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கண்டியிலிருந்து கடுகண்ணாவ இறக்கத்தில் குடும்பத்தோடு இறங்கும்போது பிறேக் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். பிறேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்க வேண்டும். நம் வலதுகை ஓட்டுக் கார்களில் அது பின் இடதுபுறம்.

இதற்கு மேலும் வேண்டுவோருக்கு நல்ல செய்தி, பின்னாளில் வந்த ஏஈ86 என்ற பின்சக்கர இயக்கக் கொரோலா கூப்பே இதே அடித்தளத்தின் வழித்தோன்றல் என்பதே. அதன் முன் ஸ்ட்ரட், டிஸ்க், கலிப்பர் ஆகியவற்றை ஒரே தொகுதியாக எடுத்து இக்காரில் பூட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தனித்தனியாக அல்லாமல் முழுத் தொகுதியாகவே வாங்க வேண்டும். கொழும்பின் வாகனப் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பாகம் தேடும்போது, பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடக் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொண்டு சென்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே ஏமாறாத வழி.

செடானின் பின்புறம் நான்கு இணைப்புத் தண்டுகளும் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட முழு அச்சு. அச்சு பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குத் தண்டு பிடித்திருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவோர் இந்தத் தண்டை மறந்துவிடுகிறார்கள்; கார் தாழத் தாழ, தண்டின் வளைவுப் பாதை அச்சை ஒரு பக்கமாகத் தள்ளும், வெட்டிய ஸ்பிரிங் கார் மேலெழும்போது தான் பதிந்திருக்கும் இடத்திலிருந்து நழுவவும் கூடும். தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று செய்த ஸ்பிரிங்கும், நீளம் மாற்றக்கூடிய குறுக்குத் தண்டும் பூட்டி, 30 மி.மீ.க்குள் நிறுத்திக்கொள்வது என் கருத்தில் போதும். அதற்கு முன்னர் உக்கிப்போன புஷ்களை (இணைப்புகளில் உள்ள றப்பர் உறைகளை) மாற்றினாலே கார் பத்து வயது குறைந்ததுபோல் ஓடும். புதிய புஷ்ஷின் போல்ற்றைக் கார் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ரயர் விடயத்தில் கணக்குப் பார்த்தால் குழப்பமில்லை. அசல் 155/80 றிம் 13 ரயரின் வெளிவிட்டம் 578 மி.மீ.; 175/70 றிம் 13 ரயரினுடையது 575; 185/60 றிம் 14 ரயரினுடையது ஏறத்தாழ 578. இம்மூன்றில் எதைப் பூட்டினாலும் வேகமானி பொய் சொல்லாது, சில்லு உடலில் உரசும் அபாயமும் குறைவு. றிம்மின் நான்கு துளைகளும் 114.3 மி.மீ. வட்டத்தில் அமைந்தவையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், 100 மி.மீ. வட்டத்து றிம்களை இழுத்துப் பூட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது.

இனி எஞ்சின்

அசல் காபரேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு வெபர் 32/36 பூட்டினால் கார் பறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அசல் எஞ்சினில் அது தரும் பயன் சிறிது. திறொட்டில் அச்சு தேய்ந்து காற்று உறிஞ்சும் காபரேற்றரே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். அச்சுக்குப் புதுப் புஷ் கடைந்து பூட்டி, கஸ்கற் தொகுதியை மாற்றினால் அசலே திருப்தியாக ஓடும்.

உண்மையான வலு வேண்டுமென்றால் 5கே எஞ்சின்தான் என் தெரிவு. பிஸ்ரன் வீச்சு இரண்டிலும் 73 மி.மீ.; சிலிண்டர் விட்டம் மட்டும் 75இலிருந்து 80.5 மி.மீ. ஆக விரிந்து, கொள்ளளவு 1486 சீசீ ஆகிறது. லைற் ஏஸ் வான்களில் வந்த இந்த எஞ்சின் அதே கியர்பொக்ஸோடு இணையும். வானிலிருந்து எடுத்த எஞ்சினாயின் அதன் ஒயில் தொட்டியும் உறிஞ்சும் குழாயும் காருக்குப் பொருந்தா. பழைய 4கேயினுடையவற்றை மாற்றிப் பூட்ட வேண்டும். ஹைட்ரோலிக் டப்பற் உள்ள 5கேக்கு மேலே சொன்ன வால்வு இடைவெளிகள் செல்லாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். காபரேற்றர் ஜெற்களை ஒரு படி பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைக் கண்டு சரிசெய்யலாம்: இளம் பழுப்பு நல்லது, வெண்மையாயின் பெற்றோல் போதாது, கரியாயின் பெற்றோல் அதிகம்.

1587 சீசீ, 16 வால்வு 4ஏ-ஜீஈ எஞ்சினைப் பூட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதற்கு ரீ50 கியர்பொக்ஸ், புதிய புரொப்பல்லர் தண்டு, உயரழுத்தப் பெற்றோல் பம்ப், திரும்பு குழாய், கணினிப்பெட்டி, வயர்த் தொகுதி, முன்னர் சொன்ன பெரிய பிறேக் எல்லாம் வேண்டும். பாதிப் பாகங்களோடு தொடங்கிய கார்கள் கராஜ் மூலையில் ஆண்டுக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த எஞ்சினை மாற்றினாலும், அதை வாங்கிய பற்றுச்சீட்டையும் உரிமை ஆவணங்களையும் பத்திரப்படுத்தி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவேட்டில் சேர்ப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைச் சோதனையும் இருப்பதால், காபரேற்றரை ஒழுங்கு செய்யும் வேலையை அந்தச் சோதனைக்கு முந்திய வாரத்தில் வைத்துக்கொண்டால் ஒரே உழைப்பில் இரண்டும் முடியும்.

ஒயிலைப் பொறுத்தவரை, நம் வெப்பத்துக்கு 20டபிள்யூ-50 கனிம ஒயில் ஏற்றது. வடிகட்டியோடு சுமார் மூன்றரை லீற்றர் பிடிக்கும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, காரை அதிகம் ஓடாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். ஓடாமல் நிற்கும் காரை நாள்தோறும் ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். எஞ்சின் சூடேறாத அந்த ஐந்து நிமிடத்தில் உருவாகும் நீராவி ஒயிலிலும் சைலென்சரிலுமே தங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வீதியில் ஓட்டி, பிறேக்கை நாலைந்து முறை நன்றாக மிதித்து, கைப் பிறேக் போடாமல் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைத்து நிறுத்துங்கள்.