இணையத்தில் எடுத்ததை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். முக்கால்வாசி ஏடுகளில் "கூகுள்", "விக்கிப்பீடியா", "யூடியூப்" என்று மூன்று வரி இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வழி கேட்டவரிடம் "ஜங்ஷன்ல இறங்கி யார்ட்டயாவது கேளுங்க" என்று சொல்லி அனுப்புவது போலத்தான் இது. கூகுள் தேடிக் கொடுத்தது, எழுதியவர் வேறு ஒருவர். அவரைத்தான் குறிப்பிட வேண்டும்.

எழுதியவர் பெயர், வெளியான நாள், தலைப்பு, தளத்தின் பெயர், அந்தப் பக்கத்தின் முழு முகவரி. இந்த ஐந்தும் வேண்டும். ஆள் பெயர் இல்லையென்றால் வெளியிட்ட அமைப்பின் பெயர். வரிசையும் புள்ளியும் ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) என்ற மேற்கோள் முறைகளில் முறைக்கு முறை மாறும். நெறியாளர் எதைச் சொல்கிறாரோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த நாளை ஏபிஏ 7-ஆம் பதிப்பு மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது, எம்எல்ஏ 9-ஆம் பதிப்பில் அது விருப்பம். ஆனாலும் எல்லாவற்றுக்கும் குறித்துவையுங்கள். என் எம்.ஃபில். ஏட்டில் ஓர் அரசுத் தளத்திலிருந்து மூன்று அட்டவணைகள் எடுத்திருந்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் அந்த முகவரியை அங்கேயே தட்டிப் பார்த்தார். தளத்தைப் புதுப்பித்ததில் பழைய பக்கங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. என்னிடம் பார்த்த தேதியும் இல்லை, நகலும் இல்லை, அந்த அட்டவணைகளை நானே இட்டுக்கட்டவில்லை என்று காட்ட ஒரு வழியும் இல்லாமல் நின்றேன். அன்றிலிருந்து, பக்கத்தைப் படித்த உடனே, இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுகிறேன், இலவசம்தான், அரை நிமிட வேலை. அசல் பக்கம் அழிந்தாலும் சேமித்த முகவரி நிற்கும்.

செய்திப் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று எழுதுகிறீர்கள், சரி. ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வந்த செய்தியில் கணக்கு முடிந்திருக்காது. அதனால் எந்தத் தேதிச் செய்தி, எத்தனை மணிக்குத் திருத்தியது என்பதையும் பாருங்கள், முடிந்தால் வானிலைத் துறையின் அறிக்கையையே தேடி எடுங்கள்.

அப்புறம் பழைய புத்தகங்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றை இணைய நூலகத்தில் படித்துவிட்டு, அது இணையத்தில் ஏறிய ஆண்டைப் போட்டுவிடுகிறார்கள். நூல் வந்தது 1881-இல், சென்னை அரசு அச்சகத்தில். அந்த ஆண்டுதான் முதலில் வர வேண்டும், எந்த இணைய நூலகம் என்பது அதற்குப் பிறகு. பக்க எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடிஎஃப் திரை அட்டையையும் முன்னுரையையும் சேர்த்து எண்ணும், தாளில் அச்சான எண் வேறாக இருக்கும். அச்சான எண்ணையே எழுதுங்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் போன்ற தளங்களின் மின்னூல்களில் பல சமயம் பக்க எண்ணே கிடைக்காது, அங்கே பாடல் எண் போதும்.

மேற்கோளைத் தானாகச் செய்துதரும் செயலிகளை நம் பெயர்களில் நம்ப வேண்டாம். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, நம்ம மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரையே "பிள்ளை, பெ. சுந்தரம்" ஆக்கிவிடும். "சுந்தரம் பிள்ளை, பெ." என்று நீங்கள்தான் திருத்த வேண்டும்.

ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 என்று தொடங்கும் டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண் இருந்தால் வேறு முகவரி வேண்டாம், இதழின் தளம் மாறினாலும் அந்த எண் கட்டுரைக்குக் கொண்டுபோய்விடும். யூடியூப் பேச்சு என்றால் சேனல் பெயர், வெளியான நாள், அந்தச் சொல் வரும் நிமிடம்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. 1876-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் ஆதிச்சநல்லூர்த் தொல்லியல் களத்தில் தோண்டியதை விக்கிப்பீடியாவில் படித்துவிட்டு, அங்கே அடிக்குறிப்பில் இருந்த பழைய அறிக்கையைத் தானே படித்ததுபோல் பட்டியலில் சேர்ப்பது. அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் எந்த நூல் வழியாகத் தெரிந்ததோ அந்த நூலைச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி கொடுக்கும் நூல் பட்டியலுக்கும் இதேதான், அதில் இல்லாத புத்தகங்களும் வரும். உங்கள் கண்ணில் படாத எதையும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஏட்டைக் கொடுப்பதற்கு முந்தின நாள் எல்லா லிங்க்கையும் நண்பர் ஒருவரின் போனில் திறந்து பாருங்கள். உங்கள் கல்லூரி லாகினில் மட்டும் திறப்பது, உங்கள் டிரைவில் பூட்டிக் கிடப்பது எல்லாம் அப்போதுதான் தெரியவரும்.