பழைய ஃபோர்டு ரேஞ்சர்: ஸ்டியரிங் முனகலும் குளிரில் இறுகும் கியரும்

ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்புக்கு இருபது வயது தாண்டிவிட்டால், டொரண்டோ மாதிரியான ஊர்களின் பனிக்காலக் காலையில் இரண்டு புகார்கள் ஜோடியாக வரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பானட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனால், உறைந்த நெய்க்குள் கரண்டியை விட்ட மாதிரி லீவர் மெதுவாக நகரும். பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டுமே அடங்கிவிடும்.

ஸ்டியரிங் வேறு, கியர்பாக்ஸ் வேறு. ஆனால் மேனுவல் கியர் ரேஞ்சரில் பெரும்பாலும் இரண்டிலும் ஓடுவது ஒரே சிவப்பு எண்ணெய், அதாவது ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில். "மேனுவல் கியர்பாக்ஸுக்கு எதற்கு ஆட்டோமேட்டிக் ஆயில்?" என்று யோசித்து, கெட்டியான கியர் ஆயிலை ஊற்றிவிட்டுப் போன பழைய உரிமையாளர்கள் நிறையப் பேர். பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் எண்ணெயைப் பாருங்கள்.

உங்கள் வண்டி எது?

1988 முதல் 2011 வரையிலான மேனுவல் ரேஞ்சர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது மாஸ்டா தயாரித்த எம்5ஓடி-ஆர்1 என்ற ஐந்து கியர் பெட்டி. இந்தக் குறிப்பு அதற்குத்தான். 1993க்கு முந்தைய சில வி6 வண்டிகளில் மிட்சுபிஷி கியர்பாக்ஸ் உண்டு. அதற்குக் கியர் ஆயில்தான், ஏடிஎஃப் ஊற்றாதீர்கள். குழப்பமாக இருந்தால், எது என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் ஊற்றாதீர்கள்.

வாங்க வேண்டியவை: மெர்கான் வி ஏடிஎஃப் 5 குவார்ட் (ஒன்று 946 மில்லி; கியர்பாக்ஸுக்கு 3, ஸ்டியரிங்குக்கு 2), கிளட்ச்சுக்கு டாட் 3 பிரேக் ஆயில் ஒரு சின்ன டப்பா, பெரிய சிரிஞ்சு, பாட்டிலில் திருகும் கைபம்ப், நான்கு ஜாக் ஸ்டாண்டு. பழைய கையேட்டில் வெறும் 'மெர்கான்' என்று போட்டிருக்கும். அதை ஃபோர்டு 2007-இல் நிறுத்திவிட்டு, அதன் இடத்துக்கு மெர்கான் வி-யைக் கொண்டுவந்தது.

படி 1: சத்தத்தைக் காதால் பிரியுங்கள்

ஒருவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பானட்டைத் திறந்து கேளுங்கள். கை, துணி, முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறி, விடும்போது இறங்கும் முனகல் என்றால் ஸ்டியரிங் பம்பிலிருந்து வருகிறது. எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது காற்று கலந்திருக்கும்.

முழுதாகத் திருப்பும்போது மட்டும் 'கீச்'சென்று கத்தினால் அது பெல்ட். என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை.

என்ஜினை அணைத்த பிறகும், திருப்பும்போது பழைய கதவு மாதிரி கிரீச்சிட்டால் முன்சக்கரத்தின் பால் ஜாயிண்ட் (உருண்டை இணைப்பு) காய்ந்திருக்கிறது. 'டக்' என்று தட்டினால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனையையோ ஸ்டியரிங் தண்டின் இணைப்பையோ பாருங்கள். இவை எண்ணெய் மாற்றிச் சரியாகிற சமாச்சாரம் இல்லை; பாதுகாப்பு விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பல ரேஞ்சர்களில் உள்ள சி-2 வகை ஸ்டியரிங் பம்ப் நல்ல நிலையில் இருந்தாலும் கொஞ்சம் முனகும் பிறவி. மைனஸ் 20-இல் முதல் ஒரு நிமிடம் முனகினால் விட்டுவிடுங்கள். அதற்குமேலும் தொடர்ந்தால்தான் வேலை இருக்கிறது.

படி 2: ஸ்டியரிங் எண்ணெயும் காற்றும்

ரிசர்வாயர் எனப்படும் எண்ணெய்த் தொட்டியின் மூடியிலேயே அளவுக்குச்சி இருக்கும். அதில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு. எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கரும்பழுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தால் மாற்றும் காலம். ஸ்ட்ராபெர்ரி பால் மாதிரி நுரைத்து வெளிறியிருந்தால் காற்று உள்ளே போகிறது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அழுத்தக் குழாயில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே வழியும், கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வழியாமல் காற்றை மட்டும் இழுக்கும். சி-2 பம்பில் பிளாஸ்டிக் ரிசர்வாயர் பம்பின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடச் சூட்டில் அந்த வளையம் கல்லாகிவிடும். குளிரில் இன்னும் சுருங்கும். காலையில் முனகி, சூடானதும் அடங்கும் வண்டியில் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். பம்பை மாற்றுவதற்கு முன்னால் இந்த வளையத்தை மாற்றிப் பாருங்கள்.

எண்ணெய் மாற்ற எளிய வழி: சிரிஞ்சால் ரிசர்வாயரில் உள்ளதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். மூன்று நான்கு தடவையில் நிறம் தெளிந்துவிடும். முழு எண்ணெயும் ஒரேயடியாக மாறாது, ஆனால் வீட்டு வாசலில் இதற்குமேல் தேவையுமில்லை.

பிறகு காற்றை வெளியேற்றுங்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை ஓடவிடாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருபது தடவை நிதானமாகத் திருப்புங்கள். குமிழி வருவது நின்றதும் அளவைப் பார்த்து ஊற்றி, என்ஜினை இயக்கி இன்னும் சில தடவை. கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்த வேண்டாம். பம்ப் முழு அழுத்தத்தில் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். 'கசிவை நிறுத்தும்' திரவங்களை ஊற்றாதீர்கள். ரப்பரை ஊதவைத்துச் சில மாதம் சமாளிக்கும், பிறகு நிலைமை இன்னும் மோசமாகும்.

படி 3: கியர் இறுகுவது கிளட்ச்சாலா, கியர்பாக்ஸாலா?

குளிர்ந்த வண்டியில், என்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதே லீவர் கனமாக நகர்ந்தால் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. அப்போது சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை.

உறுதி செய்ய, சமதளத்தில் என்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து முதல் கியரைப் போட்டு, பிரேக்கை விடுங்கள். வண்டி ஊர்ந்தால் கிளட்ச்தான். பெடலை நான்கு தடவை வேகமாக மிதித்தால் கியர் சுலபமாக விழுகிறதா? ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது டாட் 3 குறைந்திருக்கிறது. பெடல் தண்டிலுள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான். விலை அற்பம், எனவே அதை முதலில் பாருங்கள். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் உள்ளே உட்கார்ந்திருப்பதால் அதை மாற்றப் பெட்டியையே இறக்க வேண்டும்.

கவனம்: கிளட்ச் ரிசர்வாயரில் ஏடிஎஃப் போனாலும், ஸ்டியரிங்கில் பிரேக் ஆயில் போனாலும் சீல்கள் ஊதிப் பாழாகும். புனலைக்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

படி 4: கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றம்

கெட்டி எண்ணெய் ஏன் கியரைத் தாமதிக்கிறது? கியர் மாறும்போது சிங்க்ரோ வளையம் கூம்பின்மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். உரசுவதற்கு முன்னால் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேற வேண்டும். படலம் கெட்டியாக இருந்தால் பிதுங்க நேரமாகும். அதுவரை லீவர் காத்திருக்கும். 80டபிள்யூ வகைக் கியர் ஆயில் மைனஸ் 26 டிகிரியில் 1,50,000 சென்டிபாய்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை கெட்டியாக இருக்கலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. மெர்கான் வி-யோ மைனஸ் 40-இல்கூட 13,000-ஐத் தாண்டக்கூடாது. அவசரப்பட்டு லீவரைத் தள்ளினால் தேய்வது அந்த வளையம்தான்.

கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். வண்டியை நான்கு ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் அளவு தப்பும். முதலில் பக்கவாட்டிலுள்ள நிரப்பும் பிளக்கைத் திறங்கள். அது திறந்தால்தான் கீழே உள்ள வடிகால் பிளக்கில் கை வைக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு மேல் பிளக் வராமல் மாட்டிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடிந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பாருங்கள், இதைத் தவிர்க்காதீர்கள். இந்தப் பெட்டி கொள்வது 2.8 குவார்ட், சுமார் 2.65 லிட்டர். ஒன்றரை லிட்டர்தான் வந்தது என்றால் மீதி சாலையில் சிந்திவிட்டது. அடுத்த படி உங்களுக்குத்தான். பொன்னிறமாக, அழுகிய முட்டை வாசனையோடு வந்தால் யாரோ கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். மாவு போன்ற மினுமினுப்புத் தூள் தேய்மானத்தில் வருவது. நகத்தில் சிக்கும் அளவுத் துண்டு வந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வடிகால் பிளக்கை மாட்டி, பம்பால் ஏடிஎஃப் ஏற்றுங்கள். துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி மூடுங்கள். அலுமினிய உடம்பு, முழு பலத்தையும் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

படி 5: எண்ணெய் எங்கே போகிறது?

மேல் மூடியின் பின்முனையில், ஷிஃப்ட் தண்டுகளின் துளைகளை அடைக்கும் மூன்று ரப்பர் மூடிகள் இருக்கின்றன. எம்5ஓடி-யின் பெயர்பெற்ற பலவீனம் இது. சூட்டில் கெட்டித்து, ஓடும்போது மட்டும் கசியும். கீழே சொட்டுவது பெட்டியின் பின்பகுதியில் என்பதால் பின் சீலை மாற்றிவிட்டு, கசிவு நிற்கவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. செல்போனை மேலே நீட்டிப் படம் எடுங்கள். மூடிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு இறங்கியிருந்தால் தெரிந்துவிடும்.

மாற்ற, ஜாக்கால் கியர்பாக்ஸைத் தாங்கி, குறுக்குச் சட்டத்தைக் கழற்றிப் பின்முனையை ஓரிரு அங்குலம் மட்டும் இறக்குங்கள். அதற்குமேல் இறக்கினால் முன்னால் விசிறி அதன் கூட்டில் இடிக்கும். பழைய ரப்பரைத் தோண்டி எடுத்து, துளையைப் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிட்டு, மெல்லிய சீலன்ட் பூசி உலோக மூடிகளைத் தட்டி இறக்குங்கள். திரும்ப ரப்பரையே போட்டால் சில வருடத்தில் இதே வேலை. நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருப்பதால் கை நுழைவது சிரமம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த இரவு, கியர்பாக்ஸின் பின்முனைக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வையுங்கள். 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டியைச் சமமாக நிறுத்தி நிரப்பும் பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை விடுங்கள். விரல் நுனியில் எண்ணெய் துளை விளிம்புவரை தொட வேண்டும்.