கழுத்தில் தண்டுவட அழுத்தம்: அறுவை சிகிச்சைகளை ஒப்பிடுவது எப்படி?

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கியிருப்பது தெரிந்ததும், அறுவை சிகிச்சையைக் கழுத்தின் முன்பக்கமாகச் செய்வது நல்லதா, பின்பக்கமாகச் செய்வது நல்லதா என்றே பலரும் கேட்கிறார்கள். இரண்டு வழிகளுக்குமே ஏற்ற நோயாளிகளை ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டுக்குப் பின் உடல் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே சிகிச்சையின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் கழுத்தின் அமைப்பிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பாதிப்பின் அளவைக் கேட்டறியுங்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, பத்து விநாடிக்குள் விரல்களை இருபது முறை மூடித் திறக்க இயலாமை ஆகியவை தண்டுவடம் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும். மருத்துவர்கள் இதை 18 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். 15 முதல் 17 வரை இலேசான பாதிப்பு என்பதால் கண்காணிப்புக்கும் இடமுண்டு, 14-இலிருந்து கீழே இறங்க இறங்க அறுவை சிகிச்சையின் தேவை கூடுகிறது.

அடுத்து, எம்.ஆர்.ஐ. பக்கவாட்டுப் படத்தை மருத்துவருடன் சேர்ந்து பாருங்கள். தண்டுவடத்தைச் சூழ்ந்த நீர் வெள்ளைக் கோடாகத் தெரியும் படத்தில், அந்தக் கோடு எத்தனை இடங்களில் அறுபடுகிறது, முன்னிருந்து வட்டு (எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற பகுதி) தள்ளுகிறதா, பின்னிருந்து தசைநார் மடிந்து அழுத்துகிறதா என்று கேளுங்கள். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் இன்றியமையாதது. ஏனெனில் கழுத்தின் இயல்பான வளைவு மாறி முன்னோக்கிக் கூன் விழுந்திருந்தால், பின்பக்கத்தை எவ்வளவு திறந்தாலும் தண்டுவடம் பின்னகராமல் முன்னெலும்பின் மீதே இழுபட்டுக் கிடக்கும். இந்த ஒரு செய்தியே பல நேரங்களில் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

ஒன்றிரண்டு மட்டங்களில் (அடுத்தடுத்த கழுத்தெலும்புகளுக்கு இடையிலான இடங்களில்) முன்னிருந்து அழுத்தம் என்றால், வட்டை அகற்றி எலும்புகளை இணைக்கும் முன்பக்க சிகிச்சையே பெரும்பாலும் பொருந்தும். விழுங்குவதில் சிரமமும் குரல் கரகரப்பும் இதில் வரலாம். பெரும்பாலும் நாளடைவில் குறையும். புகைப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம். இணைப்புக்குப் பதிலாகச் செயற்கை வட்டு பொருத்துவது, மூட்டுத் தேய்மானம் முற்றாதவர்களுக்கே உரியது.

மூன்று, அதற்கு மேற்பட்ட மட்டங்களில் அழுத்தம் இருந்து வளைவும் நன்றாக இருந்தால், ஜப்பானில் உருவான லேமினோபிளாஸ்டியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பின்னெலும்பைக் கதவுபோல் திறந்து வைப்பதால் கழுத்தசைவு ஓரளவு தங்கும். கழுத்து நிலையற்றிருந்தாலோ கழுத்துவலி மிகுந்திருந்தாலோ, பின்னெலும்பை அகற்றித் திருகாணிகளால் இணைப்பது மேல். தோளைத் தூக்க முடியாத பலவீனம் எவ்வழியிலும் வரலாம் என்றாலும், பின்பக்க சிகிச்சைக்குப் பின் அது கூடுதலாகக் காணப்படுகிறது. பலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும்.

இழந்த திறன் முழுவதும் திரும்பும் என்று எவரும் உறுதியளிக்க இயலாது. மேலும் மோசமாகாமல் தடுப்பதே முதல் நோக்கம். நடை வேகமாகக் குன்றினாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலோ, ஒப்பீட்டை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.